சாட்சிக் கையெழுத்து

எங்கள் வீட்டில் என் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. தம்பிக்கு ஒன்று, தண்ணீர் வரிக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, பக்கத்து வீட்டுச் சாக்கடைத் தகராறுக்கு மட்டும் இரண்டு. என் கோப்பின் அட்டையில் ‘மகள் – வரன் தேடல்’ என்று எழுதியிருக்கும். நான் முப்பத்தாறு வயதைத் தாண்டிய வருடம் அதன் கடைசித் தாளில் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை, மூடுக’ என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டு வைத்திருந்தார் அப்பா. அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான் அவர் அதைக் கவனித்தார். “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

ஓர் அரசாங்க அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பத்தெட்டு வருட உத்தியோகத்தில் தன் பிரிவிலிருந்து மேலே போன ஒரு தாளும் தப்பென்று திரும்பி வந்ததில்லை என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். காஸ் சிலிண்டர் தூக்கி வந்தவரை நிற்க வைத்துச் சொன்னதும் உண்டு. சின்ன வயதில் நானும் தம்பியும் அவர் காதில் விழாமல் அவரை ‘ஆபீஸ்’ என்போம். ‘ஆபீஸ் வருது, டி.வி.யை நிறுத்து.’ ஓய்வுக்குப் பிறகு ஆபீஸ் வீட்டிலேயே குடியேறிவிட்டது. தம்பி வேலை கிடைத்து வேறு ஊருக்குத் தப்பித்துப் போனான். ஆபீசுக்கு ஊழியர் என்று மிஞ்சியது நான் ஒருத்திதான்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஒரு மாத விடுப்பு கேட்டேன். அந்த ஒரு மாதம் பத்தொன்பது வருடமாக நீண்டது. அம்மாவைப் பதினொரு வருடம் புரட்டிப் படுக்க வைத்தேன். அவள் போன பிறகு அப்பாவுக்குச் சமையல், அப்பாவுக்கு மாத்திரை, அப்பாவுக்குக் கடிதம் தட்டச்சு. தியாகம் என்றெல்லாம் பெரிய பேச்சு வேண்டாம். விட்டுவிட்டுப் போகத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை.

இரண்டாவது முறை குளியலறையில் விழுந்து எழுந்த பிறகு, இதயம் பலவீனமாக இருக்கிறது என்றார் மருத்துவர். ஆட்டோவில் வீடு திரும்பும்போது அப்பா சொன்னார்:

“உயில் எழுதிடணும். நீ குறிப்பு எடுத்துக்கோ.”

ஆட்டோவிலேயே மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் குறிப்பெடுத்தேன். வீட்டுக்கு வந்து அதைப் பத்தி பத்தியாக, எண் போட்டுத் தட்டச்சு செய்தேன். ஒன்று, இரண்டு என்று போய் மூன்றாவது பத்தியில் ‘நான் வசிக்கும் வீடு முழுவதும் என் மகளுக்கு’ என்று சொன்னார். விரல்கள் நின்றுவிட்டன. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “என்ன, மெஷின் மக்கர் பண்ணுதா?” என்றார். இல்லை என்று சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்தேன். நாலாவது பத்தியில் ‘மீதி எல்லாம் என் மகனுக்கு’ என்றிருந்தது. மீதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

வக்கீல் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. செங்குத்தான படி. அப்பா மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். வக்கீலம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அப்பா உட்கார்ந்ததும் உட்காராததுமாக என் தட்டச்சுத் தாளை நீட்டி, “இதையே அப்படியே போட்டுட்டா போதும்மா. உங்களுக்கு வேலை மிச்சம்” என்றார். அவர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கதான் மகளா? கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களாம்மா? தப்பா நெனச்சுக்காதீங்க. சொத்து வாங்கப் போறவங்க பக்கத்துல இருக்கக் கூடாது. நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க.”

வெளியே குமாஸ்தா ஊசியில் வெள்ளை நூல் கோத்து ஒரு கட்டுத் தாளைத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அப்பாவின் குரல்தான் அதிகம் கேட்டது. குமாஸ்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:

“உயில் எழுத வர்றவங்க ரெண்டு தினுசும்மா. சாகப் போறோமேன்னு பயந்து வர்றவங்க ஒண்ணு. செத்த பிறகும் அதிகாரம் பண்ணணும்னு வர்றவங்க இன்னொண்ணு. உங்க அப்பா பயந்த மாதிரி தெரியல.”

சிரித்துவிட்டேன். அப்பாவை இன்னொருவர் கேலி செய்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது.

பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடலாம், சாட்சிக்குத் தன் அலுவலக ஆட்கள் இருவர் இருப்பார்கள் என்றார் வக்கீலம்மா. அப்பா படியைக் காட்டி முடியாது என்றார். அப்படியானால் தானும் குமாஸ்தாவும் வீட்டுக்கு வருகிறோம், இரண்டு வாரம் ஆகும் என்றார். அப்பாவுக்கு அது அவமானமாகப் பட்டுவிட்டது.

“தாளை அனுப்பி வைங்கம்மா. கையெழுத்துப் போட எனக்கு யாரும் கூட நிக்க வேண்டாம். நான் போடாத கையெழுத்தா?”

“போடறது பெரிசில்லைங்க. யார் யார் முன்னாடி, எப்படின்னு இருக்கு. ஒரு சின்னத் தப்பு நடந்தாலும்…”

“என்கிட்டயா?” என்று சிரித்தார் அப்பா. வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரிடம் யாராவது எதையாவது சொல்லிப் புரிய வைத்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு வாரத்தில் கூரியரில் உறை வந்தது. மேலே ஒரு கடிதம், அதன் கீழே உயில் மூன்று பக்கம். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கிளிப்பைக் கழற்றினார். கடிதத்தின் ஓரத்தில் பச்சை மையால் சுருக்கொப்பம் போட்டார், தேதி போட்டார், துளை போட்டார், ‘வந்த தபால்’ கோப்பில் கோத்து அலமாரியில் வைத்தார். இது அவருடைய வழக்கம். முகப்புக் கடிதம் தபால் கோப்புக்குப் போகும், அதோடு வந்த இணைப்பு மட்டும் மேசைக்கு வரும். மின்சார வாரியத்திலிருந்து வந்தாலும் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் இதே கதைதான். பத்திரிகையை வைத்துக்கொண்டு, ‘அவசியம் வரவும்’ என்று உறவினர் கைப்பட எழுதிய கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போகாமல் விட்டதும் உண்டு.

அன்றைக்குத் துவைக்கும் இயந்திரம் ரிப்பேர். மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். அப்பா அவரைக் கூப்பிட்டார்.

“கையைத் தொடைச்சுக்கிட்டு இங்க வாப்பா. ஒரு கையெழுத்துப் போடணும்.”

“பில்லுலயா சார்?”

“உயில்ல.”

மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. “சார், எனக்குக் கேஸு கீசு எதுவும் வந்துடாதே? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு சார்.”

“நீ ஒண்ணும் படிக்க வேண்டாம். நான் போடறதைக் கண்ணால பார்த்துட்டு, கீழே உன் பேரைப் போடு, அவ்வளவுதான். இன்னொரு ஆள் வேணும்.”

பக்கத்து வீட்டில் கணக்கு வாத்தியார் இருந்தார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“வாத்தியாரைக் கூப்பிடட்டுமாப்பா?” என்று கேட்டேன்.

“சாக்கடையை நம்ம பக்கம் திருப்பி விட்ட ஆளு. அவன் கையெழுத்து என் தாள்ல விழக் கூடாது. நீ போடு.”

“நான் போடலாமாப்பா? அதுல எனக்குத்தானே…”

“குறிப்பு எழுதினது யாரு? நீதானே? எழுதி வெச்சவங்க கையெழுத்து இல்லாத தாள் எங்க ஆபீஸ்ல மேல போனதே கிடையாது. நாளைக்கு யார் பொறுப்புன்னு தெரிய வேண்டாமா? போடும்மா.”

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் பால்கார அட்டையைத் தவிர வேறு எதிலும் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை. அப்பா மூன்று பக்கத்திலும் நிதானமாகப் போட்டார். நானும் மெக்கானிக்கும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். மெக்கானிக் போட்டார். பிறகு நான், பள்ளிக்கூடப் பரீட்சையில் போடுவதுபோல, முழுப் பெயரையும் எழுதிப் போட்டேன். அப்பா மை உலரும்வரை காத்திருந்து, மடிக்காமல் உறையில் வைத்தார்.

நாலு மாதம் கழித்து, மருத்துவமனையில், காலை காப்பி வருவதற்குள் போய்விட்டார். நான் முகம் கழுவப் போயிருந்தேன்.

தம்பி வந்தான், தம்பி மனைவி வந்தாள். நடக்க வேண்டியது எல்லாம் நடந்தது. அவன் நிறைய அழுதான். எனக்குத்தான் அழுகை வரவில்லை. மாத்திரை டப்பாவில் வெள்ளிக்கிழமைவரை நிரப்பி வைத்ததை எடுத்துக் கொட்டும்போது மட்டும் கொஞ்சம் வந்தது. பத்து நாள் கழித்து உயிலை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் டயர் கடை மாடிக்குப் போனோம்.

வக்கீலம்மா முதல் பக்கத்தைப் புரட்டினார், இரண்டாவதைப் புரட்டினார். மூன்றாவதில் அவருடைய கை நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“இது யார் கையெழுத்தும்மா?”

“என்னோடது.”

“நீங்களா சாட்சி?”

“ஆமா. அப்பா போடச் சொன்னாரு.”

அவர் பேனாவை மூடி வைத்தார். கீழே டயர் கடையில் இரும்பை அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார். உயிலில் சொத்து பெறுகிறவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால், உயில் செல்லும். ஆனால் அந்த ஆளுக்கு எழுதியது மட்டும் செல்லாது. எனக்கு எழுதிய வீடு இப்போது யாருக்கும் எழுதாத மாதிரி. யாருக்கும் எழுதாதது நாலாவது பத்திக்குள் போய் விழுந்துவிடும். மீதி எல்லாம் மகனுக்கு.

“அது எப்படிங்க?” என்றான் தம்பி. “வீடு அக்காவுக்குன்னு இவ்வளவு தெளிவா எழுதியிருக்காரே.”

“தெளிவாத்தான் இருக்கு. நான்தானே எழுதினேன்.” அவர் மூன்றாவது பத்தியில் விரலை வைத்தார். “நான் கடிதத்துல சொல்லியிருந்தேனே. தடிச்ச எழுத்துல போட்டிருந்தேன். மகளோ மகனோ சாட்சியாப் போடக் கூடாதுன்னு. அப்பா படிக்கலையா?”

“எந்தக் கடிதம்?” என்று கேட்டேன். கேட்கும்போதே எந்தக் கடிதம் என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தேன். ‘வந்த தபால்’ கோப்பில் மேலிருந்து ஒன்பதாவது தாள். மொத்தம் நாலு பக்கம். இரண்டாவது பக்கத்தில் தடித்த எழுத்தில் அந்த வாக்கியம் இருந்தது. முதல் பக்க ஓரத்தில் பச்சை மையில் அப்பாவின் சுருக்கொப்பம், கையெழுத்துப் போட்ட அதே நாள் தேதி. படித்துவிட்டுப் போட்டாரா, படிக்காமல் போட்டாரா? அந்த ஒப்பத்தை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அது சொல்லாது. படித்திருந்தால், தெரிந்தே என் கையில் பேனாவைக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கூப்பிடுவதைவிட என்னைத் தெருவில் நிறுத்துவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. படிக்கவில்லை என்றால், என் வாழ்க்கையைப் படிக்காமல் துளை போட்டுக் கோத்து வைத்திருக்கிறார். இரண்டில் எது குறைந்த கொடுமை என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அலமாரியிலிருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் அடித்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். செத்துப்போன மனிதரை அப்படித் திட்டக் கூடாதுதான். திட்டினேன்.

சத்தம் கேட்டுத் தம்பி வந்து வாசற்படியில் நின்றான். குனிந்து கோப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

“எதுக்குக்கா இப்படி? நான் என்ன உன்னை வெளிய போன்னு சொல்லப் போறேனா? எவ்வளவு நாள் வேணும்னாலும் நீ இங்க இருக்கலாம்.”

இருக்கலாம் என்றான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில் நான் வீட்டுக்காரியிலிருந்து விருந்தாளியாகிவிட்டேன்.

“வக்கீலம்மா சொன்னாங்களேடா, நீயா விருப்பப்பட்டா என் பேருக்கு எழுதிக் கொடுக்கலாம்னு” என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் அவனிடம் கேட்ட முதல் காரியம் அது.

“பார்க்கலாம்க்கா” என்றான்.

எங்கள் வீட்டில் ‘பார்க்கலாம்’ என்றால் கிணற்றில் போட்ட கல். அப்பாவின் வார்த்தை அது. நான் டைப்பிங் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன ‘பார்க்கலாம்’ இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் தம்பி மனைவி முன் அறையின் ஜன்னலை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள். கெட்டவள் இல்லை அவள். எனக்குக் காய்ச்சல் வந்தால் அங்கிருந்து தினமும் போன் பண்ணி விசாரிப்பாள்.

“அண்ணி, முன்னாடி போர்ஷனை வாடகைக்கு விட்டுடலாம்னு இவரு யோசிக்கிறாரு. பின் ரூம் உங்களுக்குப் போதும்ல? காத்து நல்லா வரும்.”

“வரும்” என்றேன். அந்த அறையில்தான் அம்மா பதினொரு வருடம் கிடந்தாள். காற்று வருமா வராதா என்று எனக்குத் தெரியாதா?

இரண்டு வாரம் கழித்து வக்கீலம்மா போன் செய்தார். உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க, சாட்சிகளில் ஒருவராவது சத்தியம் செய்து வாக்குமூலம் தர வேண்டுமாம். மெக்கானிக்கைத் தேடினார்களாம். அவர் அந்தக் கம்பெனியை விட்டுப் போய்விட்டார், போன் எண் உபயோகத்தில் இல்லை, கொடுத்த விலாசத்தில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். மிச்சம் இருக்கும் சாட்சி நான்தான்.

“அதாவது, என் வீடு தம்பிக்குப் போறதுக்கு நான் சாட்சி சொல்லணும்” என்றேன்.

“சட்டம் சில நேரம் இப்படித்தான்மா இருக்கு.”

“அன்னிக்கு நடந்தது வேற மாதிரின்னா?”

“வேற மாதிரின்னா?”

“சும்மா கேக்கறேன்.”

அவருடைய குரல் கொஞ்சம் மாறியது. “அவர் கையெழுத்துப் போடும்போது ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல அங்க இருந்திருக்கணும். இல்லைன்னா உயிலே இல்லைன்னு ஆயிடும். உயில் இல்லைன்னா பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் சரிபாதி. நீங்க கேட்டதால சொல்றேன். ஆனா வர்றப்போ நடந்ததை மட்டும் சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சத்தியம் பண்ணிச் சொல்றது.”

போனை வைத்துவிட்டுப் பின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். சுவரில் அம்மாவின் கட்டில் உரசிய கோடு இன்னும் இருந்தது. பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அதற்கு நான் உத்தமி என்று அர்த்தமில்லை. பொய் சொல்லி அடைய வேண்டியது எதுவும் எனக்கு இருந்ததில்லை. இப்போது இருந்தது. பாதி வீடு. விற்றுப் பிரித்தாலும் எங்காவது ஒற்றை அறையாவது என் பெயரில் வாங்கலாம். கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தட்டி, காற்று வருகிறதா என்று கேட்க மாட்டார்கள்.

குறித்த நாளில் தம்பியும் கூட வந்தான். சத்தியம் வாங்கும் அதிகாரி தடித்த கண்ணாடி போட்ட வயதான மனிதர். வக்கீலம்மாவின் அறையிலேயே ஓரமாக உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா கணினி முன்னால் தயாராக இருந்தார்.

“தம்பி வெளிய இருக்கட்டுமா?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“நான் இங்கயே இருக்கேங்க, பரவால்ல. அக்கா எதையும் மாத்திச் சொல்ற ஆளு இல்ல” என்றான் தம்பி.

அதைக் கேட்டதும் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். அதிகாரி சத்தியத்தைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று என் குரல் தெளிவாகவே சொன்னது.

“உங்க அப்பா இதுல கையெழுத்துப் போட்டதை நீங்க நேர்ல பார்த்தீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“இல்ல.”

குமாஸ்தாவின் விரல் நின்றது. வக்கீலம்மா நிமிரவில்லை.

“விவரமா சொல்லுங்க.”

“அவர் காலையிலயே தனியாப் போட்டு வெச்சுட்டாரு. மெக்கானிக் வந்ததும் அவர்கிட்ட வாங்கினாரு. நான் அப்போ பின்னாடி துணி துவைச்சுக்கிட்டிருந்தேன். மெஷின் ரிப்பேர் இல்லையா, கையால துவைச்சேன். மெக்கானிக் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, இதுல போடுன்னாரு. போட்டேன்.”

எவ்வளவு சரளமாக வந்தது! கையால் துவைத்தேன் என்பதை நான் யோசித்து வைத்திருக்கவே இல்லை.

“ரெண்டு சாட்சியும் ஒண்ணா இருக்கணும்னு அவருக்குத் தெரியாதா?” என்று கேட்டார் அதிகாரி.

“தெரியாது” என்றேன். “அவருக்கு இந்த விஷயமெல்லாம் அவ்வளவாத் தெரியாது.”

குமாஸ்தா அதையும் தட்டினார். தாள் வந்தது. படித்துக் காட்டினார்கள். சரியா என்றார்கள். சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன். வக்கீலம்மா முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இனி இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது என்கிற மாதிரி ஒரு மரியாதை இருந்தது. இனி இந்தக் காகிதங்களை வேறு வக்கீலிடம் பார்த்துக்கொள்வது நல்லது என்றார்.

எனக்குத் தம்பியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. வெளியே வந்து படியில் பாதி இறங்கியதும் அவன் நின்றான். நான் அவனுக்கு மூன்று படி மேலே நின்றேன்.

“அக்கா, அன்னிக்கு சாயங்காலம் அப்பா எனக்கு போன் பண்ணினாரு.”

“என்னிக்கு?”

“உயில்ல கையெழுத்துப் போட்ட அன்னிக்கு.”

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“மெக்கானிக்கை ஒரு பக்கம், உன்னை ஒரு பக்கம் நிக்க வெச்சுப் போட்டேன்டா, பட்டாபிஷேகம் மாதிரி இருந்துச்சுன்னாரு. வக்கீலம்மா நாலு பக்கத்துக்கு ஏதோ எழுதி அனுப்பியிருக்காங்க, எனக்கே பாடம் நடத்தறாங்க, முதல் வரியோட நிறுத்தி ஃபைல்ல போட்டுட்டேன்னு சொல்லிச் சிரிச்சாரு.” அவன் படியைப் பார்த்தே பேசினான். “உன்னைப் பத்தியும் சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“வேண்டாம்க்கா.”

“சொல்லுடா.”

“அவளுக்கு நான் எதுவுமே சரியாப் பண்ணல, இது ஒண்ணாவது பண்ணிட்டேன்னாரு. இனிமே அவளை எந்திரிச்சுப் போன்னு எவனும் சொல்ல முடியாதுடா, உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்னாரு.”

கீழே டயரை உருட்டிக்கொண்டு யாரோ போனார்கள். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிடத்துக்கு முன்புதான் அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தேன். திட்டித் தீர்த்ததெல்லாம் இப்போது திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது.

“நீ ஏன்டா உள்ள சொல்லல?” என்றேன். “நான் பொய் சொல்றேன்னு தெரியும்ல?”

“அன்னிக்கே இதைச் சொல்லாம விட்டதும், பார்க்கலாம்னு சொன்னதும் தப்புக்கா. எழுதிக் கொடுத்திருப்பேனான்னு கேட்டா… சத்தியமா எனக்கே தெரியல. வீட்டுல பேசணும், அது இதுன்னு இழுத்திருப்பேன்.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “பாதி உனக்கு வரட்டும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவகிட்டகூட.”

நன்றி சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. திரும்பி மேலே போய், அந்தத் தாளைக் கொடுங்கள், மாற்றிச் சொல்கிறேன் என்று சொல்ல எட்டுப் படிதான். நான் எழுந்திருக்கவில்லை. தம்பி கீழே இறங்கிப் போய் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, “வாக்கா, போலாம்” என்றான். இறங்கிப் போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.